பட்டாளத்தான் பங்குத் தண்ணீர்

கோயமுத்தூரில் இறங்கிய மறுநாள் காலை, ஓட்டலில் இட்லி பரிமாறியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, மலேயாவுல சீனனுங்க இருக்கறானுங்களா?"

"இருக்கிறார்கள். எங்கள் ஈப்போவில் பாதிக்கு மேல் அவர்கள்தான். என் பக்கத்துக் கடைக்காரரே சீனர். நல்ல மனுஷர், கடனுக்குக்கூடச் சாமான் கொடுப்பார்" என்றேன்.

அவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் பக்கம் சட்னிகூட எட்டிப் பார்க்கவில்லை.

சீனச் சண்டை ஓய்ந்து, பொங்கலும் கழிந்திருந்தது. எல்லையில் ஓய்ந்த சண்டை கோயமுத்தூரில் ஓயவில்லை. மில் வாசல், சினிமாக் கொட்டகை, பஸ் ஸ்டாண்டு என்று திரும்பிய இடமெல்லாம் யுத்த நிதிக்கு உண்டியல். பெண்கள் வளையலைக் கழற்றிப் போடுகிறார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. மில் தொழிலாளர்கள் ஒருநாள் கூலியை மனமுவந்து கொடுத்தார்கள் என்றும் சொன்னது. ஓட்டல் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு மில்காரரிடம் விசாரித்தேன். "குடுக்கலீங்க, புடிச்சுக்கிட்டாங்க" என்றார்.

நான் போனது மோட்டார் பம்பு பார்க்க. ஈப்போவில் எனக்கு இரும்புச் சாமான் கடை. எங்கள் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு இங்கிலீஷ் பம்பு கட்டுப்படியாகவில்லை. கோயமுத்தூர்ப் பம்பு மலிவு, முரட்டு உழைப்பு என்று கேள்விப்பட்டு வந்தேன். பம்பைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. அந்த ஊர்க்காரர்கள் இரும்போடு பேசத் தெரிந்தவர்கள். தண்ணீரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் உண்மைதான். சிறுவாணித் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

பம்பு செய்யும் பட்டறைக்கு முதலாளி ரங்கப்ப நாயுடு. அவர் தாத்தா பருத்திக்காட்டில் ஏர் ஓட்டியவர், அப்பா பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் மில் வைத்தவர், இவர் பட்டறை வைத்தவர். கட்டியிருப்பது நாலு முழ வேட்டி, நிற்பது மூன்று கார். என்னை வீட்டுக்கு அழைத்துப்போய் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும், போளி மாதிரி இனிக்கும் ஒப்பிட்டும் போட்டார். அவருடைய வீட்டம்மாள் ஒப்பிட்டு வைத்தபடியே அவரிடம் தெலுங்கில் கேட்டார்: "இந்த ஆள் பம்பு வாங்குவாரா, சாப்பிட மட்டும் வந்தாரா?" எங்கள் ஊர் ரப்பர்த் தோட்டங்களில் தெலுங்கர்கள் நிறைய உண்டு, எனக்குத் தெலுங்கு புரியும். புரிந்ததாகக் காட்டாமல் இன்னும் இரண்டு ஒப்பிட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"மோட்டாரைப் பட்டறையில பாக்கறது பொண்ணைப் போட்டோவுல பாக்கற மாதிரிங்க. கெணத்துல ஓடறதைப் பாக்கோணும்" என்றார் நாயுடு. வியாழக்கிழமை காலை காரில் சூலூர்ப் பக்கம் கூட்டிப் போனார்.

சூலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டித் தோட்டம். தோட்டத்துக்கு நடுவே பெரிய வட்டக் கிணறு. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம். சென்னியப்பக் கவுண்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். கதர்ச்சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு. ஊரில் பெரிய கை. அவர் கண் காட்டியதும் ஒருவன் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் மனிதத் தொடை பருமனில் கொட்டியது. பத்துப் பேர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

கிணற்றின் எதிர்க்கரையில் பழைய காலத்துக் கவலை இருந்தது. இரண்டு தூண், மேலே உருளை, வடக் கயிறு, நுனியில் தண்ணீர் முகக்கும் சால். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். அந்தச் சரிவின் தலைப்பில் இரண்டு மாடுகளைப் பூட்டியபடி ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். மாடுகளை அவிழ்க்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த அம்மா யார்?" என்று கேட்டேன்.

"நம்ம பங்காளி ஊட்டுப் பொம்பளைங்க. மயிலாத்தாள்னு பேரு. என்ற சித்தப்பன் மகன் நாச்சிமுத்து பட்டாளத்துல இருக்கறானுங்க, அவன் சம்சாரம்" என்றார் சென்னியப்பர். "கெணறு ரெண்டு பங்குங்க. நாளு விட்டு நாளு முறை. இன்னைக்கு அவ முறை. சீமையிலிருந்து மோட்டாரு பாக்க வந்திருக்கறாங்கன்னு சொன்னேன். சந்தோசமா உட்டுக்குடுத்துப்போட்டா."

மோட்டார் சத்தத்துக்கு மேலாக அந்தப் பெண் சொன்னாள்: "நான் உட்டுக்குடுக்கலீங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். சென்னியப்பர் சிரித்தார், நாயுடு மேகத்தைப் பார்த்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எனக்கு வேடிக்கை காட்டுவதற்காக ஒருத்தியின் தண்ணீரை அவள் கண் முன்னாலேயே எடுத்து இன்னொருவன் வயலுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். "நிறுத்துங்கள்" என்றேன். "சித்த இருங்க, முழு வேகம் பாத்துப்போட்டுப் போலாம்" என்றார் சென்னியப்பர். முழு வேகத்தைக் காட்டி முடித்தபோது கிணற்றில் சேறு தெரிந்தது.

என் கோபத்துக்கு வேறொரு வேரும் உண்டு. என் அண்ணன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கூலிக்குச் சேர்ந்தவன். சண்டை முடிந்து மெடலோடு திரும்பி வந்தான். அவன் வேலை பார்த்த தோட்டத்தில் அவன் இடத்தில் வேறொருவன் இருந்தான். மேனேஜர் கை குலுக்கினார், வேலை கொடுக்கவில்லை. பட்டாளத்துக்குப் போகிறவன் இடத்தை ஊர் எவ்வளவு சீக்கிரம் நிரப்பிக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நாயுடுவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். அந்தப் பெண்ணைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசாமல் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது. சிங்காநல்லூர் தாண்டியதும் பஸ்ஸின் அடியில் ஏதோ முறிந்தது. எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர். முறிந்த வண்டியைத் தள்ளினால் எங்கே போகும்? ஆனாலும் தள்ளினோம். எங்கள் ஊர் பஸ் நின்றால் டிரைவரைத் திட்டித் தீர்ப்போம். இங்கே, "பாத்துங்க, வேட்டியில கிரீஸ் பட்டுப்போடும்" என்று ஒருவருக்கொருவர் கரிசனம் காட்டிக்கொண்டே தள்ளுகிறார்கள். இந்த ஊர் மரியாதை எனக்கு முதல்நாள் இனித்தது. அன்றைக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

சூலூர் விமானப்படை நிலையத்துக்குப் போகும் லாரி ஒன்று நின்று என்னை ஏற்றிக்கொண்டது. ஓட்டியவர் பஞ்சாபி. பக்கத்தில் பாலக்காட்டு இளைஞர் ஒருவர். அவர் இந்தியையும் தமிழையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். மலேயாவில் டிரைவர் வேலை கிடைக்குமா என்று பஞ்சாபி கேட்டார்.

"நாட்டுக்கு உழைக்கிறவர் இப்படிக் கேட்கலாமா?" என்று சீண்டினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் லாரி ஆடியது. பாலக்காட்டுக்காரர் மொழிபெயர்த்தார்: "ஊரில் உள்ள நிலம் அண்ணன் தம்பிகளுக்குப் போதாது, அதனால் சேர்ந்தேன் என்கிறார். வாரம் முழுக்க வண்டி ஓட்டுகிறாராம். நாட்டை நேசிக்க ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் என்கிறார்."

அந்தப் பயணத்தில் நான் கேட்ட நேர்மையான பேச்சு அது ஒன்றுதான். பட்டாளம் ஒரு வேலை. மில்லில் நூல் நூற்பதைப் போல, பட்டறையில் இரும்பு உருக்குவதைப் போல ஒரு வேலை. ஆபத்து அதிகம், அவ்வளவே. அந்த வேலைக்காரனுக்குக் கூலியைக் கொடு, அவன் வீட்டைக் காப்பாற்று, அது போதும். கற்பூரம் காட்ட வேண்டாம். கற்பூரம் காட்டுகிறவன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

ஊர் முனையில் ஒரு டீக்கடை. நாச்சிமுத்து வீடு எது என்று கேட்டேன். வழி கிடைப்பதற்கு முன்னால் வியாக்கியானம் கிடைத்தது.

"அவனுக்கென்னுங்க" என்றார் ஒருவர். "சோறு சும்மா, துணி சும்மா, ரயிலு சும்மா. வருசமானா ரெண்டு மாசம் லீவு. ஒடம்புக்கு வந்தா ஆசுபத்திரி. வயசானா பென்சன். நாம நோம்பிக்கு ஒரு வேட்டி எடுக்கோணும்னாக்கூட வானத்தைப் பாக்கோணும்."

"மாசம் பொறந்தா அவளுக்கு மணியார்டரு வந்துருதுங்க" என்றார் இன்னொருவர். "மழை பேஞ்சா என்ன, காஞ்சா என்ன? அதுக்கு மேல அவளுக்குத் தண்ணியும் வேணுமாமா?"

அவர்கள் கெட்டவர்களாகத் தெரியவில்லை. எனக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்தார்கள். அதுதான் இன்னும் கோபமாக இருந்தது. சர்க்கார் சிப்பாய்க்கு நாலு சலுகை கொடுக்கிறது. ஊர் அதையே கணக்கில் வைத்து அவனிடமிருந்து நாலைப் பிடுங்கிக்கொள்கிறது.

மயிலாத்தாள் ஓட்டு வீட்டு வாசலில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. "நேத்து நடந்ததுக்கு நான் காரணம் இல்லை அம்மா. ஆனால் என்னை வைத்துத்தான் நடந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"வாங்கண்ணா, திண்ணையில உக்காருங்க" என்றாள். மோரில் கரைத்த கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்தாள். அவள் தங்கை ஒருத்தி கூட இருந்தாள். அக்கா மாடு ஓட்டினால் தங்கை வயலில் மடை மாற்றுவாள். இரண்டு பெண்களும் இரண்டு மாடுகளும்தான் அந்தப் பங்கு.

அவள் சொன்னதை என் நடையில் சுருக்கித் தருகிறேன். நாச்சிமுத்து பட்டாளத்தில் சேர்ந்ததே கிணறு வற்றியதால்தான். முதல் சில வருஷச் சம்பளம் அந்தக் கிணற்றை ஆழப்படுத்தவே போனது. பாறையில் வேட்டு வைத்து உடைத்தார்கள். பெரிய ஊற்று கண்டது. ஊற்று கண்ட பிறகு சென்னியப்பர் தன் பக்கத்துக் கவலையைப் பிரித்துவிட்டு மோட்டார் போட்டார். அவர் முறையன்று மோட்டார் அடிமண் வரை உறிஞ்சிவிடும். ராத்திரியெல்லாம் ஊறுகிற தண்ணீர்தான் மறுநாள் இவளுக்கு. அதையும் விடிந்ததிலிருந்து மாடு ஓய ஓய இறைத்தால்தான் ராகிக்குப் பாதியாவது பாயும். ராகி கதிர் விட்டிருந்தது. நேற்று ஒரு முறை போனதால் நுனி கருகத் தொடங்கிவிட்டது.

"ஒரு போகம் போனால் போகட்டும் அம்மா. மணியார்டர் வருகிறதே" என்று நான்கூடச் சொல்லிவிட்டேன்.

"ராகிக்கு இல்லீங்கண்ணா. எங்க ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது" என்றாள். "பயிரு நிக்கற வரைக்கும்தான் முறை. பயிரு தீஞ்சு காடு வெறுங்காடாப் போச்சுன்னா, அந்தப் பங்குக்கு முறை கெடையாது. இருக்கற பங்காளி எடுத்துக்கலாம். அப்புறமேட்டுக்குத் தண்ணியில்லாத காட்டை வெச்சு என்ன பண்றது? அவரு கேக்கற வெலைக்குக் குடுத்துப்போட்டுப் போகோணும். அவிய லீவுல வரும்போது காடு இருக்கோணுமுங்க."

அவிய என்று அவள் சொன்னது நாச்சிமுத்துவை. ஊரைவிட்டு ஓடிப்போனவன் பங்கில் கிணறு தூர்ந்துவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ வைத்த வழக்கம் அது. அதில் நியாயம் இருந்திருக்கும். பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கிறவனையும் ஓடிப்போனவனாகக் கணக்கில் எடுப்பார்கள் என்று வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

"பட்டாளத்துக்காரர் குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் என்றால் ஆபீசர் எழுதினால் கலெக்டர் கவனிப்பாராமே?"

"எழுதினாங்க. ஆபீசரு கலெக்டருக்கு எழுதினாரு. கலெக்டரு தாசில்தாருக்கு எழுதினாரு. தாசில்தாரு எங்க ஊர் மணியகாரரை விசாரிக்கச் சொன்னாரு. மணியகாரரு பெரிய மாமனுக்குச் சம்பந்திங்க." பெரிய மாமன் என்றது சென்னியப்பரை.

டீக்கடையில் கேட்டதைச் சொன்னேன், சோறு சும்மா, துணி சும்மா என்பதை. அவள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எல்லாஞ் சும்மாதானுங்க. உசுரையும் சும்மாதான குடுக்கோணும், அதை ஆரும் கணக்குல சேக்கறதில்லை."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். சனிக்கிழமை சூலூரில் யுத்த நிதிக் கூட்டம். மந்திரி வருகிறார். சிப்பாயின் மனைவி என்று அவளை மேடையில் உட்கார வைத்துப் பட்டுப் புடவை போர்த்தப் போகிறார்களாம். ஏற்பாடு சென்னியப்பர். காலையிலேயே கார் வருமாம்.

"சனிக்கிழமை யார் முறை?"

"என்ற முறைங்க" என்றாள்.

அன்று மாலை நாயுடுவிடம் போய்க் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பங்காளி சண்டையில நாம தலை குடுக்கக் கூடாதுங்க. ஆனா நீங்க சொல்றதுல நாயம் இருக்குது. ஒண்ணு பண்றேன். நம்ம பட்டறை மோட்டாரு ஒண்ணை அந்தப் புள்ளைக்குச் சும்மாவே குடுத்துப்போடறேன். நாளைக்கு மேடையிலேயே மந்திரி கையால குடுத்துப்போடலாம்" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இவரல்லவா மனுஷர் என்று நினைத்தேன். அன்று ராத்திரி அவர் வீட்டில் இடியாப்பம் மாதிரியான சந்தகை இரண்டு தட்டு இறங்கியது. வீட்டம்மாள் தெலுங்கில் என்ன சொன்னார் என்று கவனிக்கவில்லை.

சனிக்கிழமை சூலூரில் பெரிய பந்தல். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பேண்டு வாத்தியம். வெளிநாட்டு விருந்தாளி என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அந்தப் பழமொழிக்கு அன்றைக்கு மேடை போட்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். மேடையில் இருந்தவர்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளையும் பட்டாளத்தில் இல்லை. டாக்டருக்கும் இஞ்சினீயருக்கும் படிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் பெருமையாகச் சொன்னார்.

மேடை நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அழைத்து வரப் போன கார் திரும்பிவிட்டது. டிரைவர் வந்து சென்னியப்பர் காதில் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கும் தூரம்தான். "எறைச்சு முடிச்சுப்போட்டு வாரேன்னு சொல்லுதுங்க." சென்னியப்பர் முகத்தில் ஒரு ரேகைகூட அசையவில்லை. எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். கணவனை எல்லைக்கு அனுப்பிவிட்டு மனம் நொந்திருக்கும் தன் வீட்டுப் பெண் சபைக்கு வர முடியாத நிலையில் இருக்கிறாள் என்றார். துண்டால் கண்ணை வேறு துடைத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையைக் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கி வைத்து அழுததை அன்றுதான் பார்த்தேன்.

நன்கொடை ஆரம்பமானது. சென்னியப்பர் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி உண்டியலில் போட்டார். பேண்டு முழங்கியது. அந்த மோதிரத்தில் எத்தனை முறைத் தண்ணீர் இருந்தது என்று மந்திரி கேட்கவில்லை. சென்னியப்பருக்கு மாலை போட்டார்.

பிறகு மலேயா விருந்தாளி இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். இதற்காகத்தான் காத்திருந்தேன். ஏறினேன். "அந்த அம்மாள் மனம் நொந்து வீட்டில் படுத்திருக்கவில்லை. இந்த நேரத்தில், இந்த வெயிலில், கிணற்றடியில் மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

பந்தல் அதிரக் கை தட்டினார்கள். அடுத்த வாக்கியத்துக்கு நான் வாய் திறப்பதற்குள் மந்திரி எழுந்துவிட்டார். "பார்த்தீர்களா! கணவன் எல்லையில் நாட்டைக் காக்கிறான், மனைவி வயலில் நாட்டுக்குச் சோறு போடுகிறாள்! பாராட்டைக்கூட மறந்து கடமையைச் செய்கிறாள்!" என்று முழங்கினார். மறுபடி கை தட்டல். பேண்டுக்காரர்களுக்கு யாரோ சைகை காட்டிவிட்டார்கள். அவளுடைய முறையை வியாழக்கிழமை பிடுங்கினார்கள், பிடுங்கியவர் இதோ மாலையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கீழே இறங்கியபோது நாலு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதில் ஒருவர் கண்ணில் நீர்.

அதன் பின் நாயுடுவின் மோட்டார் வந்தது. சந்தனம், குங்குமம், மல்லிகை மாலை எல்லாம் சாத்திய மோட்டார். மந்திரி அதைத் தொட்டுக் கொடுத்தார். வாங்க அவள் இல்லை. அதனால் என்ன? வீட்டுக்கு மூத்தவர் இருக்கிறாரே. சென்னியப்பர் எழுந்து, தம்பி குடும்பத்தின் சார்பில் என்று இரண்டு கையாலும் தொட்டு வாங்கிக்கொண்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். நாயுடுவைப் பார்த்தேன். அவர் போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும் முன்னே நான் வெளியேறினேன். வண்டிக்குக் காத்திருக்கவில்லை. அந்த வெயிலில் தோட்டத்துக்கு நடந்தே போனேன். உடம்பு பெருத்தவன் நான். போய்ச் சேர்ந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு சால் தண்ணீர் வந்திருக்கும்.

மயிலாத்தாள் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். சரிவில் மாடு இறங்கும்போது வடத்தின் மேல் ஏறி உட்காருவாள், பாரத்துக்காக. சால் மேலே வந்து கொட்டியதும் குதித்து இறங்கி மாடுகளைப் பின்னுக்கு ஏற்றுவாள். மறுபடி உட்காருவாள். மெலிந்த உடம்பு. அவள் உட்கார்ந்தாலும் வடத்துக்குப் பெரிய பாரமில்லை. மாடுகளின் வாயில் நுரை தள்ளியது. வயலில் பாதிக்குத் தண்ணீர் எட்டியிருந்தது. எட்டாத பாதியில் பயிர் தலை தொங்கிக் கிடந்தது.

நடந்ததைச் சொன்னேன். மோட்டாரைச் சொன்னேன். யார் கையில் கொடுத்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப அவருக்கு ரெண்டாச்சுங்க" என்றாள்.

அதற்குள் புழுதி கிளப்பிக்கொண்டு லாரி வந்துவிட்டது. மாலையோடு மோட்டாரும் மாலையோடு சென்னியப்பரும் இறங்கினார்கள். மோட்டாரை அவருடைய மோட்டார் அறைக்குள் தூக்கிப்போகச் சொன்னார். கையில் பட்டுப் புடவைப் பொட்டலம். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கிணற்றைச் சுற்றிக்கொண்டு கவலையடிக்கு வந்தார்.

"அம்மணி, உனக்கு யோகம். மந்திரி கையால மோட்டாரு வந்திருக்குது. கரெண்டுக்கு எழுதிப்போடலாம். வர்றதுக்கு ரெண்டு வருசமோ மூணு வருசமோ ஆகும், அதுவரைக்கும் என்ற ரூம்புல பத்திரமாக் கெடக்கட்டும்" என்றார். தூணைத் தட்டிப் பார்த்தார். "மோட்டாரு மேடை கட்டறதுக்கு இந்த எடந்தான் தோது. மந்திரி ஆறு மாசத்துல வந்து பாப்பாராம், வெறும் மூளியா இருந்தா மானக்கேடு. நாளைக்கு ஆளை உட்டு இந்தத் தூணை எடுத்துப்போடலாம். மேடையை இப்பவே கட்டிப்போடலாம்."

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தூணை எடுத்தால் கவலை இல்லை. கரெண்டு வராமல் மோட்டாரும் இல்லை. இரண்டும் இல்லாவிட்டால் ராகி பத்து நாளில் தீயும். பயிர் இல்லாத பங்குக்கு முறை இல்லை. களவாடி அடைய முடியாமல் இத்தனை காலம் காத்திருந்ததை, சர்க்கார் மாலை போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டது. "அடப் பாவி மனுஷா" என்று வாய்விட்டே கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. "வெய்யிலு உங்களுக்குச் சேரலீங்க. ஊட்டுக்கு வந்து எளநி குடிங்க" என்றார்.

மயிலாத்தாள் பொட்டலத்தை வாங்கவில்லை. கத்தவும் இல்லை.

"இந்தத் தூணு அவிய நட்டதுங்க மாமா" என்றாள். "எடுக்கோணும்னா அவிய வந்து எடுக்கட்டும். நாளைக்கு நீங்க ஆளை உட்டீங்கன்னா நான் இந்தத் தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். என்னைய வெட்டிப்போட்டுத்தான் எடுக்கோணும். மந்திரி வந்து அதைப் பாக்கட்டும்."

சென்னியப்பர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. வயலிலிருந்து தங்கை மண்வெட்டியோடு வரப்பில் ஏறி வந்து நின்றாள்.

மயிலாத்தாள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, நீங்க நல்ல கனமா இருக்கறீங்க. தப்பா நெனைக்காதீங்க. வடத்து மேல சித்த உக்காந்தீங்கன்னா மாட்டுக்குச் சுலுவா இருக்கும். பொழுது எறங்கறதுக்குள்ள அந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் பாச்சிப்போடலாம். நாளைக்கு இவிய முறை."

நான் ஈப்போவில் தைத்த கால்சட்டையோடு வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்தேன். மாடுகள் சரிவில் இறங்கின. எனக்குப் பின்னால் சால் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது சென்னியப்பர் கழுத்து மாலையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மயிலாத்தாள் அவரைப் பார்த்து, "மாமா, சித்த அக்கட்டால போங்க. மாடு திரும்போணும்" என்றாள்.

அவர் நகர்ந்து நின்றார்.